ஜாக் யாராக இருந்தால் என்ன?

லண்டனில் பெண்களைக் கொன்று, கடைசிவரை பிடிபடாமலே போன ஜாக் தி ரிப்பர் கதையைச் சொல்லாத க்ரைம் சேனல் தமிழில் இல்லை. எல்லாரும் பாடுவது ஒரே பாட்டு. 1888, லண்டன், ஒயிட்சேப்பல், பனிமூட்டம், தொப்பி போட்ட நிழல். அவன் டாக்டரா, கசாப்புக்காரனா, அரச குடும்பத்து ஆளா என்று அரை மணி நேரம் அலசுவார்கள். செத்தவர்களுக்கு ஒரே வரி: "ஐந்து விலைமாதர்கள்." அதோடு சரி, அடுத்து கத்தி எத்தனை அங்குலம் என்பதற்குப் போய்விடுவார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது எங்கே என்றால், அந்த ஆளைப் பற்றி ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. ஜாக் என்ற பெயரே ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தின் அடியில் இருந்ததுதான். அதை எழுதியது கொலைகாரனா, பேப்பர் விற்கப் பார்த்த நிருபரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்தப் பெண்களைப் பற்றி நிறையவே தெரியும். கல்யாணப் பதிவு இருக்கிறது, பிள்ளைகள் பிறந்த பதிவு இருக்கிறது, ஏழைகள் விடுதிக் கணக்கு இருக்கிறது, மரண விசாரணையில் கூடப் பழகியவர்கள் சொன்ன சாட்சியம் இருக்கிறது. இருப்பதை ஒதுக்கிவிட்டு இல்லாததைத் தோண்டுகிறோம்.

ஆனி சாப்மனை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவ வீரரின் மகள். 1869-இல் ஜான் சாப்மன் என்ற குதிரைவண்டி ஓட்டியைக் கட்டிக்கொண்டார். ஐந்து பேரில் உயிரோடு இருந்தபோது எடுத்த படம் இவருக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. கணவரோடு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டது. பிற்பாடு வின்ட்சருக்குப் பக்கத்தில் ஒரு பணக்காரர் எஸ்டேட்டில் குடித்தனம். 1882-இல் மூத்த மகள் எமிலி பன்னிரண்டு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். குடி, பிரிவு, லண்டன். கணவர் வாரம் 10 ஷில்லிங் அனுப்பிக்கொண்டிருந்தார். 1886 கிறிஸ்துமஸ் அன்று அவரும் இறக்க, பணம் நின்றது. குரோஷே பின்னியும் பூ விற்றும் பிழைத்தார்.

கொலைக்கு முந்தைய நாள் சாயங்காலம் தோழி ஒருவர் அவரைத் தெருவில் பார்க்கிறார். உடம்பு முடியவில்லை. ஆனாலும், "சோர்ந்துபோனால் ஆகாது, எழுந்து போய்க் காசு தேடாவிட்டால் இன்றைக்குப் படுக்க இடமில்லை" என்றாராம். ராத்திரி விடுதிச் சமையலறையில் மாத்திரை டப்பா உடைந்துவிட்டது. அங்கே கிடந்த ஒரு கிழிந்த கவரை எடுத்து இரண்டு மாத்திரைகளை மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள், செப்டம்பர் 8, உடலருகே அந்தக் காகிதம் கிடைத்தது. போலீஸ் என்ன செய்தது? கவரில் இருந்த ராணுவப் படைப்பிரிவின் முத்திரையைப் பிடித்துக்கொண்டு அலைந்தது. மாத்திரை சாப்பிட்டவருக்கு என்ன நோய்? நுரையீரல் முற்றிப்போய்க் கெட்டிருந்தது, சரியான சாப்பாடு இல்லாத உடம்பு என்று பிணப் பரிசோதனை செய்த டாக்டர் விசாரணையில் சொன்னார். எந்த வீடியோவிலும் நான் இதைக் கேட்டதில்லை.

கேத்தரின் எட்டோவ்ஸ் இன்னொருவர். அந்த செப்டம்பரில்தான் துணைவர் ஜான் கெல்லியோடு கென்ட் மாவட்டப் பக்கம், பீரில் போடும் ஹாப்ஸ் பூவைப் பறிக்கும் கூலி வேலைக்குப் போய்விட்டு, கையில் காசு தங்காமல் திரும்பியிருந்தார். கெல்லியின் பூட்ஸை அடகு வைத்தார்கள், இரண்டரை ஷில்லிங். செப்டம்பர் 30 விடியற்காலை, கொலையான கேத்தரினின் உடலில் இருந்து எடுத்தவற்றை போலீஸ் பட்டியல் போட்டிருக்கிறது. ஒரு தகர டப்பாவில் டீத்தூள், இன்னொன்றில் சர்க்கரை. சோப்புத் துண்டுகள், சீப்பு, ஊசிகள், சிவப்புக் கையுறை ஒன்று, உடைந்த மூக்குக்கண்ணாடி, கடுகு டப்பாவுக்குள் அடகுச் சீட்டுகள். பன்னிரண்டு வெள்ளைத் துணித் துண்டுகள். எதற்கு என்று பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாவாடைமேல் பாவாடையாக எல்லாவற்றையும் உடுத்தியிருந்தார். வீடு இல்லாதவருக்கு உடம்புதானே அலமாரி.

இவரை "விலைமாது" என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும். அப்படி எந்தத் தொழிலும் அவர் செய்ததில்லை என்று கெல்லி மட்டுமல்ல, விடுதியைப் பார்த்துக்கொண்டவரும் விசாரணையில் சாட்சி சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை. ஐவரில் இன்னொருவரான மேரி ஜேன் கெல்லி அந்தத் தொழிலில் இருந்தார், சரி. ஸ்வீடனில் பிறந்த எலிசபெத் ஸ்ட்ரைட் 1865-இல் அங்கே கோத்தன்பர்க் போலீஸின் விலைமாதர் பதிவேட்டில் இருந்தார், அதுவும் சரி. பிறகு லண்டனில் தச்சர் ஒருவரைக் கட்டிக்கொண்டு காபிக்கடை நடத்தினாரே, அது ஏன் கணக்கில் வரவில்லை? அதோடு, அந்தத் தொழிலே செய்திருந்தாலும்தான் என்ன? பெயருக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைப் போட்டதும் கேட்பவர் மனசு லேசாகிவிடுகிறது. அதற்காகத்தான் போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஐவரில் மிச்சமிருக்கும் பாலி நிக்கோல்ஸ், கொலைகள் நடந்த அதே 1888 மே மாதம் வீட்டுவேலைக்குச் சேர்ந்ததும் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நல்ல மனிதர்கள், பெரிய வீடு, முன்னும் பின்னும் மரமும் தோட்டமும், எனக்கு அதிக வேலை இல்லை என்று. ஜூலையில் அங்கிருந்து துணிகளைத் திருடிக்கொண்டு போய்விட்டார் என்பதும் உண்மைதான். புனிதராக்க வேண்டாம், மனுஷியாக வைத்துப் பேசினால் போதும்.

லண்டன் கேபிள் தெருவில் 2015-இல் ஒரு மியூசியம் திறந்தார்கள். அனுமதி வாங்கும்போது பெண்கள் வரலாற்று மியூசியம் என்றார்கள். திரையை விலக்கினால் ஜாக் தி ரிப்பர் மியூசியம்! அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று போராடினார்கள்.

"கொலை நடந்ததால்தானே இவர்கள் பெயராவது நமக்குத் தெரிகிறது" என்று கமென்ட்டில் யாராவது வருவீர்கள். உண்மை. கொலை இல்லையென்றால் பாலியின் கடிதத்தை அப்பா மட்டும்தான் படித்திருப்பார். அவர் பதில் போட்டாராம், மகளிடமிருந்து மறுகடிதம் வரவில்லையாம். இந்த அப்பாவும் மகளும் உங்களுக்குச் சுவாரசியமாக இல்லை, அந்தத் தொப்பிக்காரன்தான் சுவாரசியம் என்றால், நாம் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை.