‘நம்ம ஆளு’ வக்கீலும் என் தங்கச்சி கேஸும்

போன சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குத் திருவட்டாரில் இருந்து பழைய நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "எடே, உன் தங்கச்சி கேஸ் நடத்தினியே, நல்லா கிழிக்கிற வக்கீல் நம்பர் ஒண்ணு அனுப்பு. அவனை நடுத்தெருவுல நிறுத்தணும்" என்றான். அவன் மகளின் விவாகரத்து விஷயம், மருமகனைத்தான் சொல்கிறான். நான் நம்பர் அனுப்பவில்லை, அதில் அவனுக்கு வருத்தம். அந்த நேரத்தில் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். எழுதலாம் என்று தங்கச்சி சொன்ன பிறகுதான் எழுதுகிறேன், அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் இதில் இருக்காது. அது அவள் கதை.

நாங்களும் இப்படித்தான் ஆரம்பித்தோம். 2021-ல் அவள் மூன்று வயசுப் பையனோடு கருங்கல் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை கேரளத்து நெய்யாற்றின்கரைக்காரர், குவைத்தில் வேலை. கல்யாணமும் அவர்கள் சபையில், அங்கேதான் நடந்தது. குடித்தனமும் அங்கேதான். போதகர்மார் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினார்கள், மூன்று தடவை பேசினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சரி, கோர்ட்தான் என்று ஆனதும் வீட்டில் எல்லார் வாயிலும் வந்த பெயர் ஒன்றுதான். எங்களுக்குச் சித்தப்பா முறை, முப்பது வருஷ வக்கீல், வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை என்றால் புலி. "நம்ம ஆளு இருக்கும்போது வெளிய எதுக்குத் தேடணும்" என்று அம்மா சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

முதல் நாள் அவர் அரை மணி நேரம் கொடுத்தார், அதில் பாதி போனில் போனது. "மக்களே, கவலைப்படாத. ஆறு மாசத்துல முடிச்சுத் தாறேன். பிள்ளையும் உனக்கு, போட்ட 51 பவுனும் உனக்கு" என்றார். எங்களுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. வெளியே வந்து கட்டஞ்சாயாவும் ரசவடையும் சாப்பிட்டோம், ஏதோ பாதி கேஸ் ஜெயித்த மாதிரி.

மனு நாகர்கோவிலில் போட்டார். பெண் எங்கே இருக்கிறாளோ அங்கே போடலாம் என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் வந்து ஒரே ஒரு பாயின்ட்தான் எடுத்தார், இந்தக் கோர்ட்டுக்கு அதிகார வரம்பே இல்லை என்று. பதினோரு மாசம் கழித்து, உரிய கோர்ட்டில் போடுங்கள் என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. மனைவி தான் இருக்கும் ஊரிலேயே போடலாம் என்பது இந்து திருமணச் சட்டத்தில் 2003-ல் சேர்த்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டம். அதில் கல்யாணம் நடந்த இடம், இரண்டு பேரும் வசிக்கிற இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், இவ்வளவுதான். எங்கள் கணக்கில் எல்லாமே களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில்.

சித்தப்பாவுக்கு இது தெரியாதா, பார்த்துக்கலாம் என்று விட்டாரா, இன்று வரை நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் இருந்து கேக் வருகிறது. ‘நம்ம ஆளு’ வக்கீலில் உள்ள பெரிய சிக்கலே இதுதான். ஃபீஸுக்கு ரசீது கேட்க முடியாது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க முடியாது, மாற்றவும் முடியாது, மாற்றினால் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போகும். நம் குமரி மாவட்டத்தில் சாதி பார்த்து, சபை பார்த்து, கட்சி பார்த்து வக்கீல் வைக்கிற எல்லாருக்கும் இதைத்தான் சொல்வேன். மூட்டுவலிக்கு, சொந்தக்காரர் என்பதற்காகக் கண் டாக்டரிடம் போவோமா? ஆனால் குடும்பக் கேஸுக்கு வரப்புத் தகராறு வக்கீலிடம் போய் நிற்கிறோம்.

இன்னொரு விஷயம். வாய்தா என்ன ஆச்சு என்று கேட்டால் குமாஸ்தா "ஜட்ஜ் லீவு" என்பார். இரண்டு மூன்று தடவை அப்படிச் சொன்னார். என் மகன்தான் போனில் இ-கோர்ட்ஸ் ஆப் போட்டுக் கொடுத்தான். கேஸுக்குப் பதினாறு எழுத்தில் ஒரு சிஎன்ஆர் எண் இருக்கும், அதை அடித்தால் அன்றைக்கு என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்று எல்லாம் வரும். ஜட்ஜ் லீவே இல்லை, எங்கள் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை. கேஸ் நம்பர் ஆன அன்றைக்கே அந்த எண்ணை வாங்கி வையுங்கள். தர யோசிக்கிற ஆபீஸ் என்றால் அங்கேயே ஒரு சந்தேகம் வரட்டும்.

அப்புறம் இரண்டாவது வக்கீல். ஒரு பெண். யார் சொல்லி என்றால், யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூட வேலையில் இருந்து ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தங்கச்சியே நாகர்கோவில் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் போய் உட்கார்ந்திருந்தாள், காலை பத்தரையில் இருந்து. உள்ளே நடக்கிற விசாரணையை எல்லா நேரமும் பார்த்துவிட முடியாது, யாராவது ஒரு தரப்பு கேட்டால் மூடிய அறையில்தான் நடத்த வேண்டும். வராந்தாவில் மற்றது எல்லாம் தெரியும். எந்த வக்கீல் வழக்கமாக அங்கே வருகிறார், யார் ஜூனியரை அனுப்பிவிட்டு வேறு கோர்ட்டில் நிற்கிறார், உள்ளே போவதற்கு முன்னால் கட்சிக்காரரிடம் நின்று பேசுகிறவர் யார், கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு நேரே நடக்கிறவர் யார். மத்தியானத்துக்குள் இரண்டு பெயர் குறித்துக்கொண்டு வந்தாள். அவள் அவ்வளவு தைரியமாகப் போனது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட, என்னிடம் சொல்லாமல் போனாள் என்று. அந்தக் கோபத்தைப் பற்றிப் பிறகு.

அந்த இரண்டில் ஒருவர்தான் இந்த வக்கீல் அம்மா. ஆபீஸ் சின்னது. நான் கட்டை எடுத்து வைத்து முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தேன். மூன்று நிமிஷம் கேட்டார். "கேஸ் யாரோடது?" என்றார். தங்கச்சியோடது என்றேன். "அப்ப அண்ணன் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், முகம் எரிந்தது. பிறகு கூப்பிட்டபோது தங்கச்சி அழுது முடித்திருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. ஒன்றரை வருஷத்தில் வக்கீல் முன்னால் அவள் தனியாகப் பேசியது அன்றுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை எல்லாக் கேள்விக்கும் நான் பதில் சொன்னேன், இல்லை என்றால் அம்மா.

அந்த அம்மா அவளிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பையன் அப்பாகிட்ட போன்ல பேசுகானா?" நாங்கள் பேச விடுவதில்லை. எனக்கு அது நியாயமாகவும் பட்டது. அவர் சொன்னார், குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று பார்க்கிற ஜட்ஜ் முதலில் குழந்தையின் நலனைத்தான் பார்ப்பார், அம்மா நல்லவளா அப்பா நல்லவரா என்பது அதற்குப் பிறகுதான். அப்பாவின் குரலைக்கூடக் கேட்க விடாத வீடு என்று பெயர் வந்தால் அது நமக்குத்தான் அடி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து வாரம் ஒரு வீடியோ கால். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தோம்.

பழைய மனுவில் பதினாலு பாரா குற்றச்சாட்டு. அதில் நிரூபிக்கக் கையில் ஏதாவது இருப்பது எத்தனை என்று கேட்டார். மூன்று. மீதி பதினொன்றையும் பென்சிலால் அடித்தார். "வருமானம் இல்லை" என்று பழைய மனுவில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்லை. தங்கச்சி பக்கத்துத் தனியார் பள்ளியில் ஒன்பதாயிரத்துக்கு வேலை பார்க்கிறாள். ஜீவனாம்சக் கேஸில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. மறைத்தால் எதிராளி ஒரு சம்பள ரசீதை நீட்டினால் போதும், அவள் சொல்லும் மற்ற உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டுப் பிரித்தார். விவாகரத்து மனு கேரளக் கோர்ட்டில்தான், அதற்கு அங்கே ஒரு வக்கீல் வைத்தாக வேண்டும். பையனின் கஸ்டடி, 1890-ஆம் வருஷக் காப்பாளர் சட்டப்படி, பையன் வழக்கமாக வசிக்கிற ஊரில், அதாவது இங்கே. ஜீவனாம்சமும் அவள் இருக்கிற இடத்திலேயே கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 144. ஆக இரண்டு இங்கே, ஒன்று அங்கே. பதினோரு மாசம் நாங்கள் தொலைத்ததை அவர் பத்து நிமிஷத்தில் தாளில் போட்டுக் காட்டினார். 1956 நவம்பர் 1-ல் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம், ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்தானே. பாறசாலையில் நடக்கிற சம்பந்தம் முறிந்தால் என்ன ஆகும் என்று கல்யாணத்தன்று யார் யோசிக்கிறார்கள்? அங்கே போட்ட கேஸை இங்கே மாற்ற வேண்டும் என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்ப் பலன் இல்லை, மாநிலம் விட்டு மாநிலம் என்பதால் டெல்லி உச்ச நீதிமன்றம். பஸ்ஸில் போய் வருகிற தூரத்துக்கு டெல்லி! எல்லைக்கு இரண்டு பக்கமும் உறவு உள்ளவர்கள் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அவர் பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கிழிக்கிற வக்கீல் பற்றிச் சொல்ல வேண்டும். வேறொருவர், நாங்கள் நடுவில் போய்ப் பார்த்தவர், "498ஏ போடுவோம், ஏர்போர்ட்ல வச்சுத் தூக்குவோம்" என்றார். 498ஏ என்றால் கணவர் வீட்டார் கொடுமைக்கான கிரிமினல் கேஸ். கேட்க எனக்கு இனித்தது. இரண்டாவது வக்கீலிடம் அதைச் சொன்னபோது தங்கச்சியைப் பார்த்து, அடி உண்டா, மிரட்டல் உண்டா என்று இரண்டு தடவை தனித்தனியாகக் கேட்டார். இல்லை என்றாள். "இருந்தா இன்னைக்கே போடணும், யோசிக்கவே கூடாது. இல்லாததைப் போட்டு அவருக்குக் குவைத் வேலை போச்சுன்னா, பையன் ஃபீஸ் யாரு கட்டுவா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வன்முறை இருக்கிற வீடு என்றால் கதையே வேறு, அங்கே 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. வக்கீல் தேடும் வரை காத்திருக்கவே வேண்டாம்.

சபைப் பேச்சையும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்க நண்பர்கள் சிலர் திருச்சபைத் தீர்ப்பாயத்தில் கல்யாணம் செல்லாது என்று வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. 1996-லும் 2017-லும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோர்ட் தீர்ப்பு இல்லாமல் இன்னொரு கல்யாணம் பண்ணினால் இருதார வழக்கு வரும். பரஸ்பரச் சம்மதத்தில் பிரிகிற வழி கிறிஸ்தவர்களுக்கு 2001-ல்தான் வந்தது. சட்டத்தின் வாசகத்தில் இரண்டு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், இந்துக்களுக்கு ஒரு வருஷம். கேரள உயர் நீதிமன்றம் அதை 2010-ல் ஒரு வருஷமாகக் குறைத்து வாசித்தது, 2022 டிசம்பரில் அந்த ஒரு வருஷக் காத்திருப்பும் செல்லாது என்றது. எங்கள் விவாகரத்துக் கேஸ் அந்தப் பக்கம் போனதில் ஒரு வகையில் நல்லதும் உண்டு என்று இதை வைத்துத்தான் அந்த அம்மா சொன்னார்.

ஃபீஸ். முதல் வக்கீலிடம் எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்கே இல்லை, கவரில் வைத்துக் கொடுத்தது, ஓணத்துக்குக் கொடுத்தது. இரண்டாமவர் மொத்தம் எவ்வளவு, மனு போடும்போது எவ்வளவு, சாட்சி விசாரணைக்கு எவ்வளவு என்று எழுதியே கொடுத்தார். கூடுதலாகத்தான் இருந்தது, ஆனால் நடுவில் ஒரு தடவைகூட உயரவில்லை. வருகிற பணத்தில், திரும்புகிற நகையில் இத்தனை சதவீதம் என்று கேட்டால் அது பார் கவுன்சில் விதிக்கே விரோதம், ஒத்துக்கொள்ள வேண்டியது இல்லை. வக்கீலை மாற்றும்போது "பாக்கி தந்தால்தான் கட்டு தருவேன்" என்பார்கள். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை, சித்தப்பா கட்டைக் கொடுத்துவிட்டார். மூன்று மாசம் முகம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பணம் இல்லாதவர்களுக்கு ஒன்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருஷச் சட்டம். நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்கலாம், 15100-க்குப் போனும் பண்ணலாம். எங்களுக்கும் யாரோ சொன்னார்கள். இலவசம் என்றால் மட்டமாக இருக்கும், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று நான்தான் தடுத்தேன். நகையை அடகு வைத்தது தங்கச்சி.

திருவட்டார் நண்பனுக்கு நேற்று ஒரு மெசேஜ் போட்டேன், மகள் கல்யாணம் எந்த ஊரில் நடந்தது, எந்தச் சட்டப்படி, அவள் தனியாக வந்து பேசுவாளா என்று. மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் வந்தது. "அவளுக்கு என்ன தெரியும், நான் வாறேன்."

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கச்சியிடம் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. கஸ்டடி கேஸ் வாய்தா 18-ஆம் தேதி. "நீ வரண்டாம் அண்ணே, நான் ஏழரை பஸ்ஸுக்குப் போயிக்கிடுவேன்."