வானத்தில் டீக்கடை கிடையாது

எங்கள் தண்டையார்பேட்டை தெருவில் ஒரு தம்பி ஏரோநாட்டிகல் படிக்கிறான். வீட்டிலேயே கட்டக்கூடிய சின்ன விமானம் ஒன்றைச் சார்ட் பேப்பரில் வரைந்து எடுத்துக்கொண்டு போன ஞாயிறு என் பட்டறைக்கு வந்தான். (பட்டறை என்பது பெரிய வார்த்தை. இரண்டு புல்லட், ஒரு கம்ப்ரசர், நான்.) பழைய கார் என்ஜினை மாற்றிப் பொருத்துவதாகத் திட்டம். "தண்ணி வச்ச என்ஜின்தாண்ணா சேஃப்டி. இப்ப வர்ற வண்டியெல்லாம் ரேடியேட்டரோடதானே வருது" என்றான். அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பாதி சரி. திருவொற்றியூரில் 1955லிருந்து புல்லட் போட்ட ராயல் என்ஃபீல்டே 2023ல் ஹிமாலயன் 450க்கு ரேடியேட்டர் வைத்துவிட்டது. 1903ல் ரைட் சகோதரர்களைத் தூக்கிய என்ஜினும் தண்ணீரில் குளிர்ந்ததுதான். ஒரு லிட்டர் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் சூட்டை வாங்க 3,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஹெட்டும் (சிலிண்டரின் மேல் மூடி) சிலிண்டரும் ஒரே சீராகக் குளிர்வதால் பிஸ்டன் இடைவெளியை நெருக்கி வைக்கலாம், கம்ப்ரஷனை (பெட்ரோல் கலந்த காற்றை அமுக்கும் அளவை) ஏற்றலாம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தச் சூடு கடைசியில் எங்கே போகிறது? காசிமேட்டு விசைப்படகுக்குக் கீழே கடலே இருக்கிறது. அனல் மின் நிலையமும் கடல் தண்ணீரை இழுத்துச் சூடாக்கித் திருப்பி விடுகிறது. அது எங்கே போகிறது என்று எண்ணூர் மீனவர்களைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார்கள். பறக்கிற என்ஜினுக்கு அந்த வசதி ஏது? தண்ணீர் ஊற்றினாலும் அது காற்றிடம்தான் சூட்டைக் கொடுத்தாக வேண்டும். நடுவில் நிற்கிற தரகர், அவ்வளவுதான்.

அந்தத் தரகுக்கு நம்மூர் வெயிலில் கொஞ்சம் கூடுதல் கூலி. கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏர் கூலிங் என்ஜினின், அதாவது தண்ணீர் இல்லாமல் நேராகக் காற்றிலேயே குளிரும் என்ஜினின், ஹெட்டு 200 டிகிரி செல்சியஸில் ஓடுகிறது, ரேடியேட்டர் தண்ணீர் 100 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 டிகிரிக் காற்று இருக்கும் குளிர் நாட்டில் முதலாவதற்கு 185 டிகிரி வித்தியாசம், இரண்டாவதற்கு 85. சூட்டை வெளியே தள்ளுவது இந்த வித்தியாசம்தான். நம் மே மாதம் 40 டிகிரி. 185 என்பது 160 ஆகிறது, பரவாயில்லை. 85 என்பது 60 ஆகிவிடுகிறது, ஏறக்குறைய 30 சதவீதம் போச்சு. வெள்ளைக்காரன் வரைபடத்தில் போதுமென்றிருக்கும் ரேடியேட்டர் இங்கே போதாமல் போவது இதனால்தான். பெரிய ரேடியேட்டர் வைத்தால் எடை, காற்றுத் தடை. அப்புறம் தண்ணீர் என்ஜின் விமானத்தில் சூடான காற்று ஹீட்டர் பாதுகாப்பாகக் கிடைக்கும் என்பார்கள். சென்னையில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்?

ஏர் கூலிங்குக்கும் நான் வக்கீல் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மே மாத மதியம் முக்கால் மணி நேரம் புல்லட்டோடு மாட்டியிருக்கிறேன். தொடை வெந்தது, என்ஜின் கட்டக்கட்ட என்றது. ரன்வே முனையில் அனுமதிக்குக் காத்திருக்கும் விமானத்துக்கும் இதே கதிதான். அந்த நேரத்தில் தண்ணீர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

என் தயக்கம் வேறு இடத்தில். மணலி சாலையில் ஒருமுறை என் பழைய காரில் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் ரப்பர் ஹோஸ் வெடித்தது. டெம்பரேச்சர் முள் ஏறும் என்று நினைப்பீர்கள். ஏறவில்லை, இறங்கியது! தண்ணீர் போய்விட்டதால் சென்சார் வெறும் ஆவியில் நின்றுகொண்டிருந்தது. வாடை வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஓரம் கட்டி, டீக்கடையில் உட்கார்ந்து, மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். வானத்தில் டீக்கடை கிடையாது. ஏர் கூலிங்கில் காற்றை சிலிண்டர்கள் பக்கம் திருப்பிவிடும் தகடு ஒன்று விரிசல் விட்டால், எந்த சிலிண்டர் என்று ஹெட்டு மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும். லைகோமிங் ஓ-320 என்ற ஏர் கூலிங் விமான என்ஜினின் ஹெட்டுக்கு உச்ச வரம்பு 260 டிகிரி; விவரம் தெரிந்தவர்கள் 205க்குக் கீழேயே வைத்துக்கொள்கிறார்கள். பவரைக் குறைத்து இறங்க நேரம் கிடைக்கும். தண்ணீரில் ஒவ்வொரு ஹோஸும் ஒவ்வொரு கிளிப்பும் தனித்தனிப் பரீட்சை, எல்லாவற்றிலும் பாஸாக வேண்டும்.

அப்படியென்றால் தண்ணீர் என்ஜின் பறக்கவே கூடாதா? 1986ல் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் பின் என்ஜின் தண்ணீர்க் குளிர்ச்சிதான், முன் என்ஜின் ஏர் கூலிங். ரோடாக்ஸ் 912 என்ற சின்ன விமான என்ஜின் இன்னும் சாமர்த்தியம்: ஹெட்டுக்குத் தண்ணீர், சிலிண்டருக்குக் காற்று. அதில் யூஎல்எஸ் வகை 1.35 லிட்டரிலேயே 100 குதிரைத்திறன் தருகிறது. அதே 100க்கு ஏர் கூலிங் கான்டினென்டல் ஓ-200க்கு 3.3 லிட்டர் வேண்டியிருக்கிறது. பெங்களூரு என்ஏஎல் (தேசிய விண்வெளி ஆய்வகம்) வடிவமைத்த ஹன்சா-என்ஜி பயிற்சி விமானத்திலும் ரோடாக்ஸ் 912 குடும்பம்தான். காசு இருந்தால் என் ஓட்டு இதற்கே. காசு இல்லாமல் கார் என்ஜினைப் பிரித்து, ரேடியேட்டரை இருக்கிற சந்தில் செருகி, பைப்பை வளைத்து வளைத்து இழுப்பதென்றால் வேண்டாம் தம்பி, விமானத்துக்கென்றே செய்த பழைய ஏர் கூலிங் என்ஜினைத் தேடு என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்புறம் சார்ட் பேப்பரை விரித்துப் பார்த்தேன். மூக்கில் காற்று நுழைய அழகாக இரண்டு ஓட்டை போட்டிருந்தான், ஷேடிங் எல்லாம் கொடுத்து. சூடாகி விரிந்த காற்று வெளியே போக இதைவிடச் சற்றுப் பெரிய வழி வேண்டுமே, அது எங்கே என்று கேட்டேன். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அதை வரையலண்ணா."