டேங்கரில் இருக்கும் 1203 லாரியின் வரிசை எண் அல்ல

ஆரல்வாய்மொழி வழியாக வரும் டேங்கர்களின் எச்சரிக்கைப் பலகையில் உள்ள 1203 வெறும் கம்பெனி வரிசை எண், தீப்பிடித்தால் தண்ணீர் அடித்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து நம்ப வேண்டாம். அது பெட்ரோலுக்கான ஐ.நா. எண், அதாவது உள்ளே இருக்கும் ஆபத்தான சரக்கு எது என்று காட்டும் எண். டீசலுக்கு 1202, சமையல் எரிவாயுவுக்கு 1075. அதே பலகையில் '3ஒய்இ' (3YE) என்ற அவசரகாலக் குறியீடும் இருக்கும். அந்த 3, நுரையால் அணைக்கச் சொல்கிறது. தண்ணீரைப் பீய்ச்சினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து, சாக்கடை வழியாகத் தீயை அடுத்த கடை வாசல்வரை கொண்டுபோய்விடும். மார்த்தாண்டம் மாதிரி நெருக்கமான கடைத்தெருவில் நினைத்தாலே பதறுகிறது. கசிவைப் பார்த்தால் பக்கத்தில் நின்று வீடியோ எடுக்காதீர்கள். காற்று வருகிற பக்கமாகத் தூர விலகி, 112-ஐ அழைத்து, அந்த நாலு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்.