காராமணிக் கொல்லையில் ஒட்டகச்சிவிங்கி

கென்யா போகிற தோழி ஒருத்தி கேட்டாள்: "காட்டுக்குள்ள போக உள்ளூர் வழிகாட்டி அவசியமா, இல்ல தண்டச் செலவா?" இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2019 செப்டம்பரில் நாங்கள் நியாமேயில் இருந்தோம். நைஜர் நாட்டின் தலைநகர். நைஜீரியாவுக்கு வடக்கே இருக்கிற நாடு. கணவருக்கு அங்கே கட்டுமான வேலை. ஒரு ஞாயிறு விடியற்காலை பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு, ஒட்டகச்சிவிங்கிகள் திரியும் கூரே என்ற ஊருக்குக் கிளம்பினோம். தோசோ சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். வழியெல்லாம் கம்பங்கொல்லை, நடுவே ஊடுபயிராகக் காராமணி. செம்மண்ணும் கம்பங்கதிரும் பார்த்ததும் எனக்கு எங்கள் தாத்தாவின் கொல்லைதான் ஞாபகம் வந்தது.

கூரேயில் வேலி கிடையாது. சாலையோரம் ஒரு சின்ன அலுவலகம், அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் கட்டாயம் அழைத்துப் போக வேண்டியிருந்தது. எங்களுடன் வந்தவர் வண்டிக்குள் உட்காரவில்லை. கூரைமேல் ஏறிக்கொண்டு, திரும்ப வேண்டிய பக்கத்தில் தட்டித் தட்டி வழி சொன்னார். முக்கால் மணி நேரம் புதர்க்காட்டில் அலைந்தோம். அப்புறம் தட்டல் நின்றது.

ஏழு இருந்தன, குட்டி ஒன்றையும் சேர்த்து. அந்தப் பகுதியில் சிங்கம் இல்லாததால் இறங்கி நடக்கலாம். அவர் முன்னால் போக, பின்னால் நாங்கள். ஓரிடத்தில் கையை நீட்டி நிறுத்தினார், அதற்கு மேல் ஓர் அடிகூட விடவில்லை. "குட்டி இருக்கிறது, தாய்க்கு எரிச்சல் வரக்கூடாது" என்றார். இலையை உருவித் தின்னும் சத்தம் கேட்கிற தூரம். மற்ற ஒட்டகச்சிவிங்கிகளைவிட இவற்றுக்கு நிறம் வெளிர், முழங்காலுக்குக் கீழே புள்ளியே இல்லை. ஓட்டுநர் ஹௌசாக்காரர். அவர்கள் மொழியில் இதற்கு 'ராக்குமின் தாஜி', காட்டு ஒட்டகம் என்று பெயராம். நம் பெயரிலும் ஒட்டகம் இருக்கிறது, கூடவே சிவிங்கிப்புலியும் என்று மகள் சொல்ல, கணவர் தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சில் விளக்கினார். ஓட்டுநருக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஒரு காலத்தில் செனகலிலிருந்து சாட் ஏரி வரை திரிந்த மேற்கு ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி இனம் இது. வேட்டையாடியும் விறகுக்குக் காட்டை வெட்டியும் தீர்த்ததில் 1996-இல் மிஞ்சியவை 49. உலகத்திலேயே அவ்வளவுதான், அத்தனையும் நைஜரில். நாங்கள் போனபோது எண்ணிக்கை 600-ஐ எட்டியிருந்தது. 2018-இல் எட்டு உருப்படிகளை நைஜரிலேயே உள்ள கடபெஜி வனவிலங்குக் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விட்டுமிருந்தார்கள்.

வேட்டைக்குத் தடை உண்டு. ஆனால் வேலியில்லாத இடத்தில் தடை மட்டும் என்ன செய்யும்? இந்த ஒட்டகச்சிவிங்கிகள் கொல்லையில் இறங்கிக் காராமணியை மேய்கின்றன, மாங்காயையும் விடுவதில்லை. கொல்லைக்காரர்களோ மழை பொய்த்தால் சோற்றுக்கே திண்டாடும் குடும்பங்கள். அவர்கள் விரட்டிவிடுகிறார்கள், கொல்வதில்லை. உலகத்துக்காக இந்த விலங்கைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். வழிகாட்டிக்கு நாம் கொடுக்கும் பணம் அந்த ஊருக்குப் போகிறது. அதில் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது. விமானச் சீட்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, வெயிலில் கூரைமேல் உட்கார்ந்து வருகிறவரிடம் குறைத்துக் கேட்பது நியாயமே இல்லை. அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பதும் கூலியைப் போலவே அவருக்குச் சேரவேண்டியது. செல்ஃபிக்காக மீறாதீர்கள்.

2020 ஆகஸ்டில் அதே கூரேயில் ஆயுதம் ஏந்தியவர்கள் எட்டுப் பேரைக் கொன்றார்கள். ஆறு பேர் பிரெஞ்சுக்காரர்கள், உதவிப் பணிக்கு வந்தவர்கள். மற்ற இருவர் அவர்களுடைய ஓட்டுநரும் வழிகாட்டியும். அந்த வழிகாட்டி கூரே வழிகாட்டிகள் சங்கத்தின் தலைவர். அதன்பின் அங்கே போக வேண்டாம் என்றே பல நாடுகள் தம் மக்களுக்குச் சொல்கின்றன.

செய்தி வந்த அன்று எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. எங்கள் வழிகாட்டியின் எண்ணுக்கு இரண்டு நாள் விடாமல் அழைத்தோம். மூன்றாம் நாள் எடுத்தார். தலைவரைப் பற்றிப் பேச்செடுத்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பிள்ளைகள் சுகமா என்று கேட்டார். நல்ல மழை, கம்பு நன்றாக வந்திருக்கிறது, ஒட்டகச்சிவிங்கிகளும் மேட்டுக்கு வந்துவிட்டன, காலையில்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார்.