அட்டையைக் காட்டிக் கேட்பது குமாஸ்தா வேலையா?

ஞாயிற்றுக்கிழமை புத்தக வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். "பத்துப் பேரைக் கேட்டு அட்டை போடுகிறவன் ஓவியன் இல்லை, குமாஸ்தா" என்று அந்தப் புத்தகத்தை எழுதிய பெரியவர் மேடையில் சொன்னார். நீங்களும் கைதட்டினீர்கள். புத்தகங்களுக்கு அட்டை போடுகிறவன் நான், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன், முடியவில்லை.

அட்டை பிரஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால் அதே வேலை செய்யும் நாலு பேரிடம் காட்ட வேண்டும். காட்டியே ஆக வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்வது.

சனிக்கிழமை சாயங்காலம் காட்பாடியில் ஒரு டீக்கடையில் நாங்கள் ஐந்து பேர் கூடுகிறோம். குடியாத்தத்திலிருந்து ஒரு அண்ணன் வருவார், கல்யாணப் பத்திரிகையில் ஊறியவர். ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தங்கை வரும். அவரவர் அட்டையைப் பிரிண்ட் எடுத்து வந்து மேசையில் வைப்போம். வைத்தவர் வாய் திறக்கக் கூடாது. கடையில் புத்தகத்துக்குப் பக்கத்தில் நின்று "இந்தச் சிவப்பு எதுக்குன்னா" என்று நாம் விளக்கப் போவதில்லையே.

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நொடி காட்டிக் கவிழ்த்துவிட்டு, "என்ன படிச்சீங்க? என்ன புத்தகம்னு தோணுச்சு?" என்று கேட்போம். போனில் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம், ஆன்லைனில் வாங்குகிறவர் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். ஜெராக்ஸும் எடுப்போம். பச்சைப் பின்னணியில் பளிச்சென்று நின்ற சிவப்புத் தலைப்பு, கறுப்பு வெள்ளையில் பின்னணியோடு ஒரே சாம்பலாகக் கலந்துவிடுவதும் உண்டு.

1806 வேலூர்ப் புரட்சி பற்றிய ஒரு புத்தகத்துக்கு நான் அட்டை போட்டேன். நெட்டில் எடுத்த படம், கீழே 'வேலூர்க் கோட்டை' என்றே போட்டிருந்தது. மூன்று நாள் அதையே பார்த்து என் கண் பழகிவிட்டது. வெளிச்சமும் தலைப்புக்கான இடமும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. குடியாத்தத்து அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாப்பா இது? நம்ம கோட்டை தரையில, அகழிக்குள்ள நிக்குது. இதுல மதில் மலை ஏறுதே, செஞ்சியாச்சே!" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில். அப்புறம் அந்தத் தங்கை சொன்னது: "தோல் வச்ச புதுத் தலைப்பாகையைப் போடச் சொன்னதாலதானே அண்ணா சிப்பாய்ங்க கிளம்பினாங்க? கோட்டையே வேணாம், அந்தத் தலைப்பாகை ஒண்ணு போதும்." அந்தத் தலைப்பாகைதான் அட்டையானது. நான் செய்ததில் எனக்குப் பிடித்த அட்டை அதுதான். சிந்தனை என்னுடையது இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

யாரிடமும் காட்டாமல் போட்ட காலமும் எனக்கு உண்டு. ஆம்பூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தன் முதல் கவிதைத் தொகுப்பைச் சொந்தப் பணத்தில் 500 பிரதி போட்டார். நாலு கலரும் கலந்த கறுப்பில் மெல்லிய வெள்ளை எழுத்துகள் வைத்தேன், ஸ்கிரீனில் அழகாக இருந்தது. அச்சில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிளேட், அதில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலே மெல்லிய வெள்ளையை மை மூடிவிடும். கட்டைப் பிரித்தால் தலைப்பின் கடைசி 'ல்' மேல் புள்ளி இல்லை, வெறும் 'ல'. அந்த அம்மா விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "பரவாயில்லப்பா" என்றார். அடுத்த வாரம் வீட்டுக்குப் போனால் வெள்ளை மைப் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். ஒருவரிடம் காட்டியிருந்தால் "எழுத்தைக் கொஞ்சம் தடியாக்கு" என்று சொல்லியிருப்பார்.

பத்துப் பேர் கை வைத்தால் அட்டை கெட்டுவிடும் என்பீர்கள். கை வைக்கச் சொல்லவில்லை, கண் வைக்கத்தான் சொல்கிறேன். கேட்பது பத்துப் பேரிடம் என்றாலும் முடிவு என்னுடையதுதான். "நீலம் எனக்குப் பிடிக்காது" என்றால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுவேன். "தலைப்பு படிக்க முடியலை" என்று இரண்டு பேர் சொன்னால் மாற்றுவேன். இந்த வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன்? ஐடியாவைத் திருடிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நேரம் இல்லை என்கிறீர்களா? அது உண்மைதான். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு டிசம்பர் கடைசியில் "நாளைக்கு அட்டை வேணும்" என்பார்கள். அப்போதும் போனில் அனுப்பிக் கேட்க ஐந்து நிமிஷம் போதும்.

எனக்கு வலிப்பது வேறு. கேட்கும்போது ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள், புத்தகம் வந்த அன்றைக்கு "எழுத்துரு சரியில்லை" என்று பொதுவில் எழுதுகிறார்கள். சென்னையில் இருப்பவர் பிழை சொன்னால் ஆலோசனையாம், வேலூர்க்காரன் சொன்னால் பொறாமையாம். 1,500 ரூபாய்க்கு அட்டை போடுகிறவனுக்கு அபிப்பிராயம் எதற்கு என்று என் முகத்துக்கு நேராகவே ஒருவர் கேட்டார். அந்த 1,500 இன்னும் வரவில்லை.

பெரியவருக்கு ஒன்று. ஐயா, ஞாயிற்றுக்கிழமை வெளியான உங்கள் புத்தகத்தைப் பணம் கொடுத்து வாங்கினேன். முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு பாதி மடங்கி முன்னட்டைக்கு வந்திருக்கிறது. உள்தாளை வேறு தடிமனுக்கு மாற்றியிருப்பார்கள், முதுகின் அகலத்தைத் திரும்பக் கணக்குப் போடவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்திருக்கும். என்னிடம் காட்டியிருந்தால் காசு வாங்காமல் சொல்லியிருப்பேன். மேடைக்குக் கீழே உங்கள் எழுத்துக்காகத்தான் வந்து உட்கார்ந்திருந்தேன் ஐயா.

என் அடுத்த அட்டைக்குச் செவ்வாய்க்கிழமை பிளேட் போடுகிறார்கள். இரண்டு மாதிரி வைத்திருக்கிறேன், எது என்று எனக்கே குழப்பம். சனிக்கிழமை ஆறு மணிக்கு மேசையில் இருக்கும். கைதட்டியவர்களும் வரலாம்.