பந்தயம் போரடித்தது சரி, நட்டம் யாருக்கு?

அக்டோபரில் வரப்போகும் சிங்கப்பூர் கிராண்ட் பிரி ஃபார்முலா 1 கார் பந்தயத்துக்கு டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சில நாளாகவே பேச்சு ஓடுகிறது. பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். 2024, 2025 இரண்டு வருடமும் பந்தயம் செம போர் என்பதுதான் காரணம். "அவ்வளவு வெள்ளி கொடுத்து ஊர்வலமா பாக்கணும்?" என்று ஓர் அண்ணன் கேட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் என் மச்சான் அதற்கும் ஒரு படி மேலே போய், பந்தயம் நடக்கும் மரினா பேயை அட்டவணையிலிருந்தே தூக்கிவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அவனுக்கு என்ன, மாலை ஐந்தரைக்கு டீயோடு உட்கார்ந்து டிவியில் பார்க்கிறவன். இங்கே நமக்குத்தான் ராத்திரி எட்டு மணிக்குப் பந்தயம், மறுநாள் திங்கட்கிழமை வேலை.

போரடித்தது என்பதை நான் மறுக்கப்போவதில்லை. 2024இல் லாண்டோ நோரிஸ் முதலிடத்தில் புறப்பட்டார், முதலிடத்திலேயே முடித்தார். நடுவில் இரண்டு முறை சுவரை உரசினார், அவ்வளவுதான் பரபரப்பு. இரண்டாவதாக வந்த வெர்ஸ்டாப்பன் கிட்டத்தட்ட 21 விநாடி பின்னால். விபத்து நடந்தால் எல்லோரையும் மெதுவாக்கி வரிசையாகச் சேர்க்க சேஃப்டி கார் என்று ஒன்று வரும். 2008இல் இங்கே பந்தயம் தொடங்கியதிலிருந்து அது வராமல் முடிந்த முதல் பந்தயம் அது. அடுத்த வருடமும் வரவில்லை. 2025இல் ஜார்ஜ் ரஸ்ஸல் முன்னால் போனார், போய்க்கொண்டே இருந்தார். முதல் சுற்றில் மெக்லாரன் கார்கள் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதைப் பற்றி ஒரு வாரம் சண்டை போட்டோம். வேறு பேச விஷயம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று வையுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் பலர் டிரைவர்களைத் திட்டுகிறார்கள். தைரியம் இல்லையாம், முந்தத் தெரியவில்லையாம். போன வருடம் வரை இருந்த கார் இரண்டு மீட்டர் அகலம், 800 கிலோ எடை. அதை வைத்துக்கொண்டு ஆண்டர்சன் பாலத்தில் இன்னொரு காரை முந்துவது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா கடைத்தெருவில் தள்ளுவண்டியோடு ஆளைத் தாண்டிப் போகிற கதைதான். அதோடு டயர் சூடு. முன்னால் போகிற காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போனால் குளிர்ந்த காற்று கிடைக்காது. டயர் வேகும், பிரேக் வேகும். அதனால் பின்னால் வருகிறவர் கொஞ்சம் இடைவெளி விட்டே ஓட்டுவார். முன்னால் இருப்பவருக்கும் இது தெரியும். அவரும் டயரைக் காப்பாற்றிக்கொண்டு மெதுவாகவே போவார். இருபது கார்களும் தங்களால் முடிந்த வேகத்தைவிடக் குறைவாக ஓட்டுவதைத்தான் அறுபத்து இரண்டு சுற்றுகளும் நாம் பார்த்தோம்.

டயரை இன்னொரு தடவை மாற்றினால் வேகம் கிடைக்குமே என்று கேட்கலாம். டயர் மாற்றப் போகும் பாதையான பிட் லேனில் மணிக்கு 60 கிலோமீட்டர்தான் என்று இங்கே பல வருடம் கட்டுப்பாடு இருந்தது. உள்ளே போய் வருவதற்குள் அரை நிமிடம் போய்விடும், அதற்குள் வேறு நாலு பேர் தாண்டிவிடுவார்கள். 2025இல் அதை 80 ஆக்கிப் பார்த்தார்கள். அப்படியும் பெரும்பாலோர் ஒரே ஒரு தடவைதான் நின்றார்கள். முந்துவது இவ்வளவு கஷ்டம் என்றால், கையில் இருக்கும் இடத்தை எந்த அணி விட்டுக்கொடுக்கும்?

இந்த வருடம் கார்கள் மாறுகின்றன. அகலம் 1.9 மீட்டர், எடை 768 கிலோ, முந்துவதற்காகப் பின் இறக்கையைத் திறக்கும் டிஆர்எஸ் கிடையாது. மின்சாரத்தின் பங்கு கிட்டத்தட்ட பாதி. இதனால் மரினா பே மாறுமா என்று இப்போதே சொல்பவர்கள் சோதிடம் சொல்கிறார்கள். பார்க்கலாம்.

என்னை உண்மையில் உறுத்துகிற விஷயம் வேறு. குழுவில் அடிக்கடி வருகிற ஒரு வாக்கியம் இருக்கிறது: "யாராவது ஒருத்தன் இடிச்சா நல்லா இருக்கும்." சிரிப்பு எமோஜியோடுதான் போடுகிறார்கள். ஆனால் இந்த ஊரில் இந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. 2008இல் நடந்த முதல் பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? ரெனோ அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் 17ஆவது வளைவில் சுவரில் போய் மோதினார். சேஃப்டி கார் வந்தது. அதற்குச் சற்று முன்னால் பிட்டுக்குப் போய் வந்திருந்த அதே அணியின் அலோன்சோ, 15ஆவது இடத்தில் புறப்பட்டவர், மற்றவர்கள் பிட்டுக்குப் போனபோது முன்னேறி, பந்தயத்தையே வென்றார். அன்றைக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன், எல்லோரும்தான் தட்டினோம். மறு வருடம்தான் தெரிந்தது, அது அணியே சொல்லி மோத வைத்த விபத்து என்று. பிக்கே ஏன் ஒப்புக்கொண்டார்? அடுத்த வருட ஒப்பந்தம் கிடைக்குமா கிடைக்காதா என்ற பயத்தில் இருந்த ஆள் அவர். அவரே விசாரணையில் அப்படித்தான் சொன்னார். ஒப்பந்தம் கிடைத்தது, 2009இல் பாதியிலேயே பறிபோகவும் செய்தது.

அந்த இரவில் முன்னிலையில் இருந்த ஃபெலிப்பே மாஸா, அந்தச் சேஃப்டி கார் சமயத்தில் பிட்டுக்குள் போய், எரிபொருள் குழாயோடு புறப்பட்டு, 13ஆவதாக முடித்தார். அந்த வருட சாம்பியன் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் கைநழுவியது. அந்த ஒரு புள்ளிக்காக இன்றைக்கும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறார். எனக்கு அவரிடம் அனுதாபம்தான், ஆனால் அது தனிக் கதை.

சேஃப்டி கார் என்பது நமக்கு வேடிக்கை. வரிசையின் பின்பாதியில் ஓட்டுகிறவனுக்கு அது வேலை சம்பந்தப்பட்டது. அரை நிமிட இடைவெளி ஒரே நொடியில் காணாமல் போகும், பிட் ஸ்டாப் மலிவாகும், 16ஆவதாகப் போய்க்கொண்டிருந்தவர் 9ஆவதாக வந்து புள்ளி எடுப்பார். அணி முதலாளிகள் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். சலிப்பான பந்தயத்தில் நாம் இழப்பது இரண்டு மணி நேரம். மட்டமான காரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இழப்பது தன்னை நிரூபிக்கக் கிடைத்த வாய்ப்பை. போர் போர் என்று புலம்புகிற நாமே, மறுநாள் காலையில் "அவன் என்னத்தக் கிழிச்சான், தூக்குங்கடா" என்று அதே டிரைவரைப் பற்றி எழுதுகிறோம். முந்தவே முடியாத பந்தயம் என்றும் சொல்கிறோம், ஏன் முந்தவில்லை என்றும் கேட்கிறோம். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள் சாமி.

இதே மரினா பேயில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். 2023இல் டேனியல் ரிக்கியார்டோ கையை உடைத்துக்கொண்டதால், அவருக்குப் பதிலாக லியம் லாசன் என்ற நியூசிலாந்துப் பையன் ரெட் புல்லின் துணை அணியான ஆல்ஃபாடவுரி காரில் உட்கார்ந்தான். மூன்றாவது பந்தயமே சிங்கப்பூர். தகுதிச் சுற்றில் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பனையே வெளியே தள்ளினான், வித்தியாசம் 0.007 விநாடி. அந்த வருடம் ரெட் புல் தோற்ற ஒரே பந்தயம் அது. சேஃப்டி கார் வந்தது, நடுவில் கார் இல்லாமலே எல்லோரையும் மெதுவாக்கும் வெர்ச்சுவல் சேஃப்டி காரும் வந்தது, கடைசிச் சுற்றில் ரஸ்ஸல் சுவரில் மோதினார். லாசன் ஒன்பதாவதாக வந்து முதல் புள்ளிகளை எடுத்தான். அணிகள் அவனை மறக்கவில்லை.

சரியாக ஒரு வருடம் கழித்து, நாம் எல்லோரும் கொட்டாவி விட்ட அந்த 2024 பந்தயம். ரிக்கியார்டோ கடைசி இடங்களில் சுற்றிக்கொண்டிருந்தார். இந்தச் சாலையில் 2015, 2016, 2017 என்று மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாவதாக வந்தவர் அவர். அதிலும் 2016இல் ரோஸ்பெர்க்கை அரை விநாடி தூரம் வரை துரத்திக்கொண்டு வந்தாரே, அந்தக் கடைசிச் சுற்றுகளை நேரில் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட ஆளுக்கு 2024இல் முந்த வழியும் இல்லை, உதவிக்கு வர சேஃப்டி காரும் இல்லை. கடைசியில் புது மென்மையான டயர் போட்டு, பந்தயத்தின் மிக வேகமான சுற்றை ஓட்டிவிட்டு 18ஆவதாக முடித்தார். மிக வேகமான சுற்றுக்கு அப்போது ஒரு புள்ளி உண்டு. முதல் பத்துக்குள் வராததால் அவருக்கு அது இல்லை, பட்டத்துக்கு வெர்ஸ்டாப்பனோடு மோதிக்கொண்டிருந்த நோரிஸுக்குப் போக வேண்டிய ஒரு புள்ளிதான் போனது. அதில் சதி இருக்கிறதா இல்லையா என்று குழுவில் விடிய விடியச் சண்டை. காரிலிருந்து இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. நாலு நாளில் அறிவிப்பு வந்தது. அவருடைய இடம் லாசனுக்கு.

லாசனுக்கு மட்டும் வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டதா? 2025 தொடக்கத்தில் ரெட் புல்லுக்கு ஏற்றினார்கள், இரண்டே பந்தயத்தில் இறக்கினார்கள். அந்த இடத்துக்கு வந்த சுனோடாவுக்கும் வருடக் கடைசியில் அதே கதி, இப்போது மாற்று ஓட்டுநர். அடுத்து ஐசக் ஹஜார். வெர்ஸ்டாப்பனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டத் தெரியாதவர்கள் ஆகிவிடுகிறார்கள் என்று நம்ப நான் தயாராக இல்லை. அந்த கார் ஒருத்தர் கைக்கு மட்டும் அடங்குகிறது. அது காரின் பிரச்சினை. ஆனால் வேலை போவது யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

தமிழ் ஆட்கள் நமக்கு இது புரியாமல் போகக் கூடாது என்பது என் ஆதங்கம். நரேன் கார்த்திகேயனைவிட நல்ல உதாரணம் வேறு வேண்டுமா? கோயம்புத்தூர்க்காரர், 2005இல் ஃபார்முலா 1க்குப் போன முதல் இந்தியர். 2012இல் இங்கே எச்ஆர்டி காரில் ஓட்டினார். அந்த வருடம் முழுக்க ஒரு புள்ளிகூட எடுக்க முடியாத கார். அப்போது பார்வையாளர் மேடைக்கு அடியில் இருந்த 18ஆவது வளைவில் சுவரில் மோதினார், அன்றைக்கு முதல் சேஃப்டி கார் அவரால்தான் வந்தது. அவருடைய கடைசி சீசனும் அதுதான், வருட முடிவில் அணியே மூடப்பட்டது. அப்போது "நம்மாளு இப்படிப் பண்ணிட்டாரே" என்று சிரித்தவர்கள் நிறைய. அந்த காரை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டவர்கள் குறைவு. கோவையிலிருந்து ஒருவர் அந்த இடம் வரை போனதே எனக்குப் பெரிய விஷயம். என் மச்சான் இதைப் படிப்பான் என்று தெரியும், அவனுக்காகவும்தான் எழுதுகிறேன்.

போரடிக்கிற பந்தயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. 2025இல் வில்லியம்ஸ் கார்கள் இரண்டும் தகுதிச் சுற்றிலிருந்து நீக்கப்பட்டன, பின் இறக்கையில் ஏதோ அளவு சரியில்லை என்று. கார்லோஸ் சைன்ஸ் 18ஆவதாகப் புறப்பட்டார். முதல் டயரிலேயே ஐம்பது சுற்று ஓட்டிவிட்டு, கடைசியில் புது டயரோடு வந்து பத்தாவதாக முடித்தார். ஒரு புள்ளி. சேஃப்டி கார் இல்லை, மழை இல்லை. டிவிக்காரர்கள் அதைச் சரியாகக் காட்டவும் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் அன்றைய சிறந்த ஓட்டம் ரஸ்ஸலுடையது இல்லை, இதுதான்.

ரஸ்ஸலைக் குறை சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே சாலையில் கடைசிச் சுற்றில் சுவரில் இடித்துவிட்டு ரேடியோவில் உடைந்துபோன ஆள், அன்றைக்கு வெர்ஸ்டாப்பனை ஐந்து விநாடி பின்னால் வைத்துக்கொண்டு ஒரு தப்பும் செய்யாமல் ஓட்டினார். அதுவும் கையில் அடுத்த வருட ஒப்பந்தம் அறிவிக்கப்படாத நிலையில். பத்து நாள் கழித்துத்தான் மெர்சிடிஸ் அறிவித்தது. வெப்ப அபாயம் என்று ஃபார்முலா 1 வரலாற்றில் முதல் முறையாக அறிவிக்கப்பட்ட பந்தயம் வேறு. நமக்கு இது பழகிய புழுக்கம், ஏசி இல்லாத பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்றாலே சட்டை ஒட்டிக்கொள்ளும். உள்ளே தீப்பிடிக்காத உடை, கையுறை, தலைக்கவசத்தோடு ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். எடை மூன்று கிலோ வரை குறைகிறது என்கிறார்கள். டிவியில் அது தெரியாது.

நேரில் போனால் வித்தியாசமாக இருக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: இருக்கை இல்லாமல் சுற்றிப் பார்க்கும் வாக்அபௌட் டிக்கெட்டில் போனால் ஒரு வளைவு, இரண்டு வளைவு, தூரத்தில் ஒரு திரை. யார் எத்தனையாவது என்பதே பாதி நேரம் தெரியாது. சத்தம் நெஞ்சில் இடிக்கும், பாடாங் மைதானத்தில் பாட்டுக் கச்சேரி இருக்கும். உடும்பு ஏதாவது சாலையில் இறங்கினால் அதுவும் உண்டு, 2016இல் இறங்கியது. சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வருவீர்கள். அந்தச் சந்தோஷத்தை வைத்துப் பந்தயம் நன்றாக இருந்தது என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அது திருவிழா நன்றாக இருந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

இந்த வருடம் சிங்கப்பூரில் முதல் தடவையாக ஸ்பிரின்ட் என்ற குட்டிப் பந்தயமும் உண்டு. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு மணி நேரம்தான் பயிற்சி, உடனே தகுதிச் சுற்று. 2022இல் இங்கே ஜெயித்து, 2024 முடிவில் வேலை இழந்து, இப்போது கேடிலாக் என்ற புது அணியோடு திரும்பி வருகிற பெரஸுக்கு இந்தச் சாலை அத்துப்படி. ஆர்விட் லிண்ட்பிளாட் என்று ஒரு பையன் ரேசிங் புல்ஸ் அணிக்கு வருகிறான், அம்மா வழியில் இந்திய வம்சாவளி. மரினா பேயில் அவன் இதுவரை பந்தயம் ஓட்டியதே இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குள் பத்தொன்பது வளைவையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

நான் வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்கப்போகிறேன். முதல் வளைவுப் பக்கம் உட்காரலாமா, பாடாங் பக்கம் போகலாமா என்பதில்தான் குழப்பம். போன வருடம் போனவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். விலையைச் சொல்லி மட்டும் பயமுறுத்தாதீர்கள், அது எனக்கே தெரியும்.