குதிகாலைத் தரையில் தட்டினால் மேலேறிய இரைப்பை இறங்கிவிடுமா?

"வெறும் வயிற்றில் வெந்நீர் குடித்து, குதிகால்களை உயர்த்திப் பத்து முறை தரையில் தட்டினால், உதரவிதானத்தின் வழியே மேலேறிய இரைப்பை கீழிறங்கி, ஹெர்னியா நிரந்தரமாகக் குணமாகும்" என்ற செய்தி பரவி வருகிறது. இது தவறு. (உதரவிதானம் என்பது நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத் தடுப்பு; ஓர் உறுப்பு தன் இடம்விட்டு இப்படிப் பிதுங்குவதே ஹெர்னியா.)

உணவுக்குழாய் உதரவிதானத்தைக் கடக்கும் துளை விரிந்து, அதைச் சுற்றியுள்ள திசுக்கள் தளர்வதால்தான் இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சறைக்குள் நழுவுகிறது. பெரும்பாலானோருக்கு ஏற்படும் இவ்வகையில் இரைப்பை தானாகவே ஏறுவதும் இறங்குவதும் உண்டு என்பதால், தட்டிய பின் நெஞ்செரிச்சல் தணிந்ததுபோலத் தோன்றினாலும், விரிந்த துளை அப்படியேதான் இருக்கும். எண்டோஸ்கோப்பி அல்லது பேரியம் எக்ஸ்ரே மூலம் இதைக் கண்டறியலாம். எடைக் குறைப்பு, உண்டவுடன் படுக்காதிருத்தல், படுக்கையின் தலைமாட்டை உயர்த்துதல், அமிலம் குறைக்கும் மருந்து ஆகியவையே பலருக்குப் போதும். அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படும்.

எனக்குக் கவலை தருவது, இரைப்பை உணவுக்குழாயின் பக்கவாட்டில் ஏறும் அரிதான வகைதான். அது முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைபடும். கடும் வலியும், குமட்டியும் வாந்தி வராத நிலையும் தோன்றினால், வீட்டில் குதித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வளர்ப்பு விலங்குகளுக்கும் இத்தகைய கைவைத்தியம் கூடவே கூடாது. வாகனம் மோதிய நாய், பூனைகளின் உதரவிதானம் கிழிந்தால், கல்லீரலும் குடலும் நெஞ்சறைக்குள் புகுந்து நுரையீரலை அழுத்தும். சில விலங்குகளில் வாரக்கணக்கில் அறிகுறியே தெரியாது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே, ஸ்கேன் மூலம் உறுதிசெய்து, மூச்சைச் சீராக்கிய பின் கிழிசலைத் தைப்பதே அதற்கான சிகிச்சை.